மூளையைக் கூட்டித் துடைப்பவை

நோய்க்கு மருத்துவரின் பெயர் நிலைத்தது. நோயாளியின் பெயர் கோப்போடு காணாமல் போனது. அகுஸ்டே டெட்டர் 1901இல் ஃபிராங்க்ஃபர்ட் மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டபோது அவருக்கு வயது 51. 1906இல் இறந்தார். அவருடைய மூளையை நுண்ணோக்கியில் பார்த்த அலாய்ஸ் அல்சைமர், படிவுகளையும் நரம்பிழைச் சிக்கல்களையும் கண்டார். கிளியா அணுக்கள் மாறியிருந்ததையும் எழுதினார். முதலிரண்டும் பாடப்புத்தகத்துக்குப் போயின. மூன்றாவதை நெடுங்காலம் பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. டெட்டரின் கோப்பு 1995இல்தான் மீண்டும் கிடைத்தது.

கிளியா என்றால் கிரேக்கத்தில் பசை. நரம்பணுக்களை ஒட்டிவைப்பதைத் தவிர வேறு வேலை இல்லை என்ற எண்ணம் பெயரிலேயே இருக்கிறது. 1919இல் ஸ்பெயினின் பியோ டெல் ரியோ ஒர்த்தேகா இவற்றில் ஒரு வகையைப் பிரித்துக் காட்டினார்: மைக்ரோகிளியா. மூளையின் நோயெதிர்ப்பு அணுக்கள். கிருமியை விழுங்கும், செத்த அணுவை அகற்றும். கூட்டித் துடைக்கும் வேலைதானே, சிந்தனைக்கும் இதற்கும் என்ன என்று விட்டுவிட்டார்கள். அணுக்களுக்கு ஆணாதிக்கம் தெரியாது; எது ஆராயத் தகுந்தது என்று முடிவுசெய்தவர்களுக்குத் தெரியும்.

இந்த நிலையை மாற்றியவர்களில் ஒருவர் பெத் ஸ்டீவன்ஸ். முனைவர் பட்டத்துக்குப் பின் ஸ்டான்ஃபோர்டில் பென் பாரெஸின் ஆய்வகத்தில் சேர்ந்தார். பாரெஸ் ஒரு திருநம்பி, 1997இல் ஆணாக வாழத் தொடங்கியவர். மாணவியாக இருந்தபோது வகுப்பில் யாருக்கும் வராத கணக்கைப் போட்டுக் காட்டினார். காதலன் போட்டுத் தந்திருப்பான் என்றார் பேராசிரியர். ஆணான பிறகு அவர் உரையைக் கேட்ட ஒருவர், தங்கையின் ஆய்வைவிட இவருடையது எவ்வளவோ மேல் என்றாராம். அந்தத் ‘தங்கை’யும் அவரேதான். 2006இல் ‘நேச்சர்’ இதழில் இதையெல்லாம் எழுதினார்.

அடுத்த ஆண்டு ஸ்டீவன்ஸின் கட்டுரை வந்தது. வளரும் மூளை தேவைக்கு மேல் நரம்பிணைப்புகளை உண்டாக்கி, பிறகு களைகிறது. எதைக் களைவது? உடலில் கிருமிகளுக்கு அடையாளமிடும் ‘காம்ப்ளிமென்ட்’ புரதங்களே இங்கும் இணைப்புகளில் ஒட்டிக் குறியிடுகின்றன என்று எலிகளில் காட்டினார். அந்தப் புரதம் இல்லாத எலிகளில் களையெடுப்பு சரியாக நடக்கவில்லை. 2008இல் அவர் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சொந்த ஆய்வகம் தொடங்கினார். குறியிட்ட இணைப்புகளை விழுங்குவது மைக்ரோகிளியாதான் என்று அங்கே டாரத்தி ஷேஃபர் 2012இல் நிறுவினார். துடைப்பம் பிடித்தவளே வீட்டின் வரைபடத்தையும் திருத்திக்கொண்டிருந்தாள்!

அதே ஆய்வகத்தின் சோயான் ஹாங் 2016இல் அல்சைமருக்கு வந்தார். நோய் மாதிரி எலிகளில், படிவுகள் தோன்றும் முன்பே அந்தப் புரதம் கூடுகிறது. இளமையில் நடந்து முடிந்த களையெடுப்பு வேண்டாத வயதில் மறுபடி தொடங்கி, நல்ல இணைப்புகளையும் மைக்ரோகிளியா தின்கிறது. புரதத்தைத் தடுத்தால் இழப்பு குறைகிறது. படிவுகளைக் கரைப்பதிலேயே பணத்தைக் கொட்டிவந்த துறைக்கு இது சங்கடமான செய்தி. எலியில் கண்டது மருந்தாகிவிடாது என்பதும் உண்மை. அமெரிக்காவில் அல்சைமர் நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். ஆயுள் அதிகம் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அது மட்டும்தானா என்று இப்போது மைக்ரோகிளியாவிடமும் கேட்கிறார்கள்.