கரண்ட் போன தெருவில் பென் 10: ராசிபுரத்துச் சிறுவர் ரசனையும் காக்கப்படாத தமிழ்க் குரலும்

ரசிகர் என்றால் யார் என்று நாம் யோசிக்கும் முறையை வகுத்துத் தந்த இரண்டு நூல்கள் 1992-இல் வெளிவந்தன. எம்.ஜி.ஆர். என்ற பிம்பம் தமிழக ஏழைகளிடையே எப்படி வேலை செய்தது என்று ஆராய்ந்த எம்.எஸ்.எஸ். பாண்டியனின் ‘தி இமேஜ் ட்ராப்’ ஒன்று. ‘ஸ்டார் ட்ரெக்’ முதலான தொடர்களின் அமெரிக்க ரசிகர்கள் தாங்களே கதை எழுதி, இதழ் நடத்தி, அந்தத் தொடர்களைத் தமதாக்கிக்கொண்டதை விவரித்த ஹென்றி ஜென்கின்ஸின் ‘டெக்ஸ்ச்சுவல் போச்சர்ஸ்’ மற்றொன்று. மறு ஆண்டில் சாரா டிக்கி மதுரையை மையமாகக் கொண்டு செய்த திரைப்பட ஆய்வும் நூலானது. தமிழக ஆய்வாளர்கள் இன்றுவரை இந்தத் தடங்களில்தான் நடந்துவருகிறார்கள். ரசிகர் என்பவர் ஒன்று மன்றம் வைத்தவர், அல்லது எழுதுகிறவர். இரண்டிலும் சேராத ஒருவர் நம் கண்ணுக்குத் தட்டுப்படுவதில்லை.

பத்து வயதுப் பிள்ளைக்கு மன்றமும் கிடையாது, பத்திரிகையும் கிடையாது. ஆனால் 2007-க்குப் பிந்தைய ஆண்டுகளில் நாமக்கல் மாவட்டத்து ராசிபுரம் போன்ற ஊர்களில் வேற்றுக்கிரகவாசிகள் வரும் கார்ட்டூன் தொடர்களின்மீது பிள்ளைகள் கொண்டிருந்த பற்று, எந்த ரசிகர் மன்றத்துக்கும் குறைந்ததல்ல. அவர்கள் அதை வாயாலும் உடம்பாலும் பகிர்ந்துகொண்டார்கள். காகிதத்தில் பதியாததால் ஆய்வு அதைத் தவறவிட்டது. அந்த ரசனைக்கு மூலமாக இருந்த தமிழ்க் குரலையோ யாரும் பாதுகாக்கவில்லை. இந்த இரண்டு இழப்புகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதே என் வாதம்.

அந்த ரசனை எப்படி ஊருக்குள் வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 2006 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. அடுத்த ஐந்தாண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பதினான்கு அங்குலப் பெட்டிகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. இதைத் தேர்தல் இலவசம் என்ற அளவில் மட்டுமே பேசிப் பழகியிருக்கிறோம். அதற்கு முன் ஒரு பிள்ளை டிவி பார்க்க யார் வீட்டு வாசலில் நிற்க வேண்டியிருந்தது, எந்த வாசல்வரை போக அனுமதி இருந்தது, எந்த வீட்டில் தரையில் மட்டும் உட்காரலாம் என்பதையெல்லாம் சாதியும் வசதியும் தீர்மானித்தன. தறி ஓட்டும் குடும்பத்துக்கும், சேகோ ஆலைக்கு வேலைக்குப் போகும் குடும்பத்துக்கும் சொந்தப் பெட்டி வந்தபோது அந்த வாசல் நிற்றல் முடிவுக்கு வந்தது. சிறுவர் ரசனையின் வரலாற்றை எழுதுகிறவர் தொடங்க வேண்டிய இடம் இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பெட்டி வந்த சில மாதங்களில், 2007 ஏப்ரல் 29 அன்று, சன் குழுமத்தின் சுட்டி டிவி தொடங்கியது. முழுப்பரீட்சை லீவு தொடங்கும் நேரம். ஜாக்கி சான் கார்ட்டூனுக்கு அது தந்த தமிழ்க் குரல்களை அந்தத் தலைமுறை இன்றும் மிமிக்ரி செய்கிறது. மறுபக்கம் கார்ட்டூன் நெட்வொர்க்கின் தமிழ் ஒலி வழியாக பென் 10 வந்தான்.

இந்தத் தமிழ் ஒலி ஊரை வந்தடைந்த விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கார்ட்டூன் நெட்வொர்க் ஒரே படத்தோடு பல மொழி ஒலிகளைச் சேர்த்து அனுப்பியது. செட்டாப் பாக்ஸ் இல்லாத அன்றைய கேபிளில் மொழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வீட்டுக்காரருக்கு இல்லை. கேபிள்காரர் தன் கன்ட்ரோல் ரூமில், அந்தச் சேனலுக்கான ரிசீவரில் எந்த ஒலியை வைத்தாரோ அதுதான் அவர் ஒயர் போன தெருக்கள் எல்லாவற்றுக்கும். தமிழை வைத்தால் ஊரே தமிழில் கேட்டது. ஒரு சிற்றூரின் ஒரு தலைமுறை வேற்றுக்கிரகவாசிகளை எந்த மொழியில் அறிந்தது என்பது, ஒரு மாடியறையில் ஒருவர் திருகிய ஒரு தேர்வைப் பொறுத்திருந்தது. ஊர் முழுதும் ஒரே நேரத்தில் ஒரே குரலைக் கேட்டதால்தான் மறுநாள் பள்ளியில் அந்தக் குரலில் பேச முடிந்தது, பேசினால் எல்லோருக்கும் புரிந்தது. 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோதும் இந்த ஏற்பாடு மாறவில்லை. செட்டாப் பாக்ஸ் பரவிய பிறகுதான் மொழித் தேர்வு வீட்டு ரிமோட்டுக்கு வந்தது, தெருவின் பொதுக்குரலும் சிதறியது.

தொடரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘மேன் ஆஃப் ஆக்‌ஷன்’ என்ற நால்வர் குழு உருவாக்கிய ‘பென் 10’ 2005 இறுதியில் அமெரிக்காவில் வெளியாகி, 2008 வரை நான்கு பருவங்கள் ஓடியது. அதன் பிறகும் வேறு வேறு பெயர்களில் தொடர்ந்தது. விண்வெளியில் நடக்கும் சண்டையிலிருந்து தப்பிவந்த, வாட்ச் போன்ற ஒரு கருவி, கோடை விடுமுறையில் தாத்தாவுடன் வேனில் ஊர் சுற்றும் பத்து வயதுப் பையனின் மணிக்கட்டில் ஒட்டிக்கொள்கிறது. அதைத் திருகி அழுத்தினால் அவன் பத்து வேற்றுக்கிரக உயிர்களில் ஒன்றாக மாறலாம். வில்காக்ஸ் என்ற வேற்றுக்கிரக வில்லன் அந்தக் கருவியைத் தேடி வருகிறான். தாத்தா மேக்ஸோ ஒரு காலத்தில் விண்வெளிக் குற்றங்களைத் தடுக்கும் ரகசியப் படையில் இருந்தவர்.

லீவு விட்டதும் அம்மாயி, அப்புச்சி வீட்டுக்குப் போகும் பிள்ளைக்கு இந்தக் கதையில் விளங்காதது எதுவுமில்லை. தாத்தாவின் பொறுப்பில் விடப்பட்ட பையன் அவன். விளங்காத ஒன்றை அவர்களே ஆராய்ந்து முடிவு செய்தார்கள். பென்னோடு வரும் க்வென் அவனுக்கு என்ன முறை? இது தெருவில் உண்மையாகவே எழுந்த கேள்வி. இருவருக்கும் டென்னிசன் என்ற ஒரே குடும்பப்பெயர், மேக்ஸ் இருவருக்கும் அப்பாவழித் தாத்தா. அப்படியானால் அவள் பெரியப்பாவோ சித்தப்பாவோ பெற்ற பெண், முறைக்குச் சகோதரி. மாமன் மகள் என்று கேலி செய்ய வழியில்லை. கொங்கு வட்டாரப் பிள்ளைகள் தமக்குத் தெரிந்த உறவுமுறையை வைத்துத் தொடரின் உள்ளேயிருந்து சான்று எடுத்து நிறுவிய முடிவு இது. தொடரின் கதையும் அதே முடிவைத்தான் சொல்கிறது. ஜென்கின்ஸ் தன் ரசிகர்களிடம் கண்ட பொருள்கோடல் உழைப்புக்கு இது எந்த விதத்திலும் தாழ்ந்ததல்ல. எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

பகிர்தலுக்கு வருகிறேன். 2008 முதல் தமிழகத்தில் மின்வெட்டு இறுகியது. 2012-இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் சாதாரணம். வெட்டு பகுதி பகுதியாக, முறைவைத்து வந்தது. ஒரு தெருவில் கரண்ட் போயிருக்கும்போது இரண்டு தெரு தள்ளி விளக்கு எரியும். எனவே ஒரே எபிசோடை ஒரு பகுதிப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள், மறு பகுதிப் பிள்ளைகள் தவறவிட்டிருப்பார்கள். பார்த்தவன் பார்க்காதவனுக்குச் சொல்ல வேண்டிய நிலையை மின்வாரியமே ஏற்படுத்தித் தந்தது.

அப்படிச் சொல்லுவதை வெறும் கதைச் சுருக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. சொல்லுகிறவன் திண்ணையைவிட்டு இறங்கி நின்றுகொள்வான். மணிக்கட்டைத் தட்டுவான். உருமாறும் நேரத்து ஓசையை வாயாலேயே எழுப்புவான். பிறகு குரல் தடிக்கும், தோள் அகலும். வில்காக்ஸ் பேச வேண்டிய இடத்தில் டிவியில் கேட்ட அந்தக் கனத்த தமிழ்க் குரலின் ஏற்ற இறக்கம் அப்படியே வரும். அவன் சொல்வதில் பிழை இருந்தால், அதே எபிசோடைப் பார்த்த இன்னொருவன் குறுக்கே விழுந்து திருத்துவான். விட்டுப்போன காட்சியை இட்டுக்கட்டி நிரப்பியவன் மாட்டிக்கொள்வான். அப்படி நிரப்பியது நன்றாக இருந்தால் மன்னிக்கவும்படுவான். தவறவிட்ட பிள்ளைகளைப் பொறுத்தவரை அந்த எபிசோடு என்பதே இந்த நிகழ்த்தல்தான்.

இருட்டு இன்னொரு பொருளுக்கும் உதவியது. ஐப்பசியில் நித்திய சுமங்கலி மாரியம்மன் கோயில் திருவிழாவையொட்டிப் போடும் பொம்மைக் கடைகளில் பென் 10 வாட்ச் தொங்கும். உரிமம் பெற்ற பொம்மையின் விலை ராசிபுரத்துப் பிள்ளைகளுக்கு எட்டாதது. இது பச்சையும் கறுப்புமாக, மூடியைத் திறந்தால் உள்ளே சிறு விளக்கு எரியும் மலிவான பிளாஸ்டிக். விளக்கின் முன் ஒரு வட்டத் தகடு, அதில் குன்றிமணி அளவில் உருவங்கள். பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு தகட்டைத் திருகினால், பென் உருமாறும் ஹீட்பிளாஸ்ட்டும் ஃபோர் ஆர்ம்ஸும் ஒவ்வொருவராகச் சுவரில் விழுவார்கள். பகலில் ஒன்றும் தெரியாது. கரண்ட் போன இரவில், வெள்ளையடித்த எதிர்ச்சுவரில், கையை முன்னும் பின்னும் நகர்த்தி உருவத்தைக் கூர்மையாக்கினால் பெரிதாகத் தெரியும். ஒரு வாட்ச் ஒருவன் கையில், பார்ப்பவர்கள் தெருவில் உள்ள எல்லோரும். பட்டன் பேட்டரி தீரும்வரை அது ஊர்ச்சொத்து.

ஜப்பானில் இதே வகை ரசனை எப்படிப் பதிவானது என்பதை ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். ‘விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ’ 1974 அக்டோபரில் தொலைக்காட்சியில் தொடங்கியது. 39 எபிசோடுகள் என்று திட்டமிட்டது, பார்ப்பவர் குறைந்ததால் 26-இல் முடிந்தது. அதைத் தாங்கிப் பிடித்தவர்கள் ரசிகர்கள். சங்கம் அமைத்தார்கள், இதழ் போட்டார்கள், 1977-இல் திரைப்படமாக வந்தபோது முந்தின இரவே வரிசையில் நின்றார்கள். ‘மொபைல் சூட் கண்டம்’ தொடரும் 43 எபிசோடுகளில் சுருக்கப்பட்டுப் பின்னர் எழுந்தது. 1981 பிப்ரவரி 22 அன்று டோக்கியோவின் ஷின்ஜுகுவில் அதன் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு, அனிமேஷனுக்குப் புதிய யுகம் பிறந்ததாக அறிவித்தார்கள். இவையெல்லாம் இதழாக, துண்டறிக்கையாக, புகைப்படமாக மிஞ்சியிருப்பதால் வரலாறாகிவிட்டன.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். ஈரோட்டில் ஆகஸ்ட் மாதம் புத்தகத் திருவிழா நடக்கும்போது சிவகாசி முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் வாசகர்கள் கூடுகிறார்கள். முத்து காமிக்ஸ் 1972-இலும் லயன் 1984-இலும் தொடங்கியவை. இரும்புக்கை மாயாவியைச் சிறுவயதில் படித்து இன்று தலை நரைத்தவர்கள் பழைய இதழ்களைப் பொத்திப் பொத்திக் கொண்டுவந்து காட்டுகிறார்கள், ஆசிரியருக்கு எழுதிய கடிதம் அச்சானதை நினைவுகூர்கிறார்கள். அவர்கள் கையில் இதழ் இருக்கிறது. பென் 10 கேட்டு வளர்ந்தவர்களின் கையில் என்ன இருக்கிறது?

இங்கே ஒரு மறுப்பு வரும். இது பொம்மை விற்க உருவான பண்டம், பிள்ளைகள் நுகர்வோர், இதில் ரசனை எங்கே என்று. பொம்மை வியாபாரம் உண்மைதான், அந்தத் தொடருக்கு பண்டாய் நிறுவனம் பொம்மை செய்து விற்றது. ஆனால் அந்தக் கம்பெனிக்கு இந்தத் தெருவிலிருந்து போன வருமானம் ஏறக்குறைய இல்லை. கோடு போட்ட நோட்டின் கடைசிப் பக்கத்தில் பதினோராவது உயிரை வரைந்து, அதற்குப் பெயரும் பலமும் பலவீனமும் எழுதிய பிள்ளை எந்தப் பண்டத்தையும் வாங்கவில்லை. இரண்டாவது மறுப்பு வலுவானது, அதை ஏற்கிறேன். தெருவில் இறங்கி உருமாறியவர்கள் பெரும்பாலும் பையன்கள். பெண் பிள்ளைகளும் அதே தொடரைப் பார்த்தார்கள், ஆனால் இருட்டிய பின் வீட்டுக்குள் இருக்கச் சொல்லப்பட்டார்கள். அவர்கள் தங்களுக்குள் எப்படிப் பகிர்ந்துகொண்டார்கள் என்பது தெருவை மட்டும் பார்க்கும் ஆய்வுக்குக் கிடைக்காது. என் வாதத்தின் பாதி அங்கே காத்திருக்கிறது.

இனி குரலைப் பற்றி. பென்னுக்கு ஆங்கிலத்தில் குரல் தந்தவர் டாரா ஸ்ட்ராங் என்பதை எவரும் எளிதில் அறியலாம். தாத்தா மேக்ஸுக்கு பால் ஐடிங். சென்னை டப்பிங் கூடங்களில் நின்று இவர்களைத் தமிழில் பேசவைத்த கலைஞர்களுக்கு அந்த எளிய மரியாதைகூடக் கிடைக்கவில்லை. தொடரின் முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியல் மூலத் தயாரிப்புக்கானது. ராசிபுரத்துத் திண்ணையில் பிள்ளைகள் அச்சு அசலாக எடுத்துப் பேசியது டாரா ஸ்ட்ராங்கின் குரலை அல்ல. அவர்களின் இலக்கியப் பிரதி அந்தத் தமிழ்க் குரல்தான். இது எனக்குக் கோபம் தரும் விஷயம், அதை மறைக்க விரும்பவில்லை.

சட்டமும் கைகொடுக்கவில்லை. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் படியும் சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் போக வேண்டும். தொலைக்காட்சிக்கு அப்படி ஒரு கடமை இல்லை. ஒளிபரப்பியதை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்று ஒன்றிய அரசின் அப்லிங்கிங் விதிமுறைகள் சொல்கின்றன. அதுவும் புகார் வந்தால் பார்ப்பதற்காக. தொண்ணூற்றோராவது நாள் அந்தத் தமிழ் ஒலியை அழித்தாலும் கேட்பாரில்லை. படத்தின் உரிமை அமெரிக்காவில் இருக்கிறது, படம் பத்திரமாகவும் இருக்கிறது. தமிழ் ஒலியைக் காப்பது யாருடைய வேலையும் அல்ல.

2025 செப்டம்பரில் ‘டெமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்’ தமிழிலும் பேசித் திரையரங்குக்கு வந்தபோது ஜப்பானிய அனிமேஷனுக்குத் தமிழில் திடீரென ரசிகர்கள் முளைத்ததாகப் பேசப்பட்டது. முளைக்கவில்லை. 2007-இல் பத்து வயதாக இருந்தவர்களுக்கு அப்போது இருபத்தெட்டு. தமிழ் பேசும் கார்ட்டூனைக் கேட்டு வளர்ந்த காது அது.

செய்யவேண்டியவை சில உடனடியாகத் தெரிகின்றன. டப்பிங் யூனியனின் மூத்த உறுப்பினர்களிடம் 2000 முதல் 2015 வரை எந்தத் தொடருக்கு யார் குரல் கொடுத்தார்கள் என்ற பட்டியலை அவர்கள் நினைவு இருக்கும்போதே தொகுக்க வேண்டும். நூல்களுக்கான அந்த 1954-ஆம் ஆண்டுக் கட்டாய வைப்புச் சட்டத்தை ஒளிபரப்பின் தமிழ் ஒலிக்கும் நீட்டும்படி பல்கலைக்கழக இதழியல் துறைகள் கோர வேண்டும். நாமக்கல், சேலம் மாவட்டங்களில் அன்று கன்ட்ரோல் ரூம் நடத்தியவர்களைச் சந்தித்து, கார்ட்டூன் நெட்வொர்க்கில் தமிழ் ஒலியை எப்போது வைத்தார்கள், யார் கேட்டு வைத்தார்கள் என்று பதிவு செய்ய வேண்டும். பிறகு அதே தெருப் பெண்களிடம், கதவுக்கு உள்ளே அந்தக் கதையை யாருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்க வேண்டும்.