கலவையின் கூட்டுத்தொகை: வெப்பம் கடத்தும் எபாக்சிப் பசையும் காப்புரிமைச் சட்டத்தின் 3(ஈ) பிரிவும்

சர்தார் படேல் சாலையின் ஒரு முனை அடையாறு, மறுமுனை கிண்டி. நடுவில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம். பாலிமர் கலவை ஒன்று இந்தச் சாலையில் உள்ள ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்தில் பிறந்தால், காப்புரிமை கேட்டு அது போய்ச் சேரும் இடம் கிண்டி ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள காப்புரிமை அலுவலகம். தொலைவு சில கிலோமீட்டர்தான். ஆனால் ஆய்வுக்கூடத்தில் 'நல்ல கலவை' என்பதற்கும் அலுவலகத்தில் 'கண்டுபிடிப்பு' என்பதற்கும் உள்ள தொலைவு வேறு வகையானது. வெப்பம் கடத்தும் எபாக்சிப் பசையை எடுத்துக்காட்டாகக் கொண்டு அந்தத் தொலைவை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. தனி விண்ணப்பம் எதையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. இத்துறையில் வழக்கமாக எழுதப்படும் உரிமைக்கோரலின் வடிவமே என் ஆய்வுப்பொருள்.

பொருள் எளிமையானது. கடையில் இரண்டு குழாய்களாக விற்கும் பசைதான் எபாக்சி. ஒன்றில் பிசின், மற்றொன்றில் கடினமாக்கி. சுவிட்சர்லாந்தின் பியேர் காஸ்தான் 1930களில் செய்த வேலைக்குச் சீபா நிறுவனம் உரிமம் பெற்று, 1946இல் அரால்டைட் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒட்டுவதில் கெட்டி, வெப்பம் கடத்துவதில் சோம்பேறி. அதன் வெப்பக்கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 0.2 வாட். எல்.இ.டி. விளக்கின் சில்லையோ மின்னணுப் பலகையின் டிரான்சிஸ்டரையோ ஹீட் சிங்க்கோடு ஒட்ட வேண்டுமானால், வெப்பம் அந்தப் பசையைத் தாண்டித்தான் போக வேண்டும். எனவே பிசினுக்குள் அலுமினா, அலுமினியம் நைட்ரைடு, போரான் நைட்ரைடு போன்ற பொடிகளை நிரப்பியாகப் போடுகிறார்கள். மின்சாரம் கடத்தக் கூடாது என்பதால் வெள்ளியும் செம்பும் பல இடங்களில் ஆகாது.

விண்ணப்பத்தின் முதல் உரிமைக்கோரல் பெரும்பாலும் இப்படி இருக்கும்: எபாக்சிப் பிசின், கடினமாக்கி, இத்தனை விழுக்காடு நிரப்பி, அதன் துகள் அளவு இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை, வெப்பக்கடத்துதிறன் இன்ன எண்ணுக்குக் குறையாதது. தேர்வாளரின் முதல் அறிக்கையில் எதிர்பார்க்கக்கூடிய ஆட்சேபம் இரண்டு: கூறுகள் யாவும் தெரிந்தவை, ஆகவே 3(ஈ), துகள் அளவை மாற்றியது தெரிந்த பொருளின் வேறு வடிவமே, ஆகவே 3(டி).

3(ஈ) சொல்வதன் சாரம் இது: கூறுகளின் பண்புகள் வெறுமனே ஒன்றுசேர்வதை மட்டுமே விளைவாகத் தரும் கலவைப் பொருளும், அதைச் செய்யும் முறையும் கண்டுபிடிப்பு ஆகா. இந்தப் பிரிவின் வேரைத் தேடினால் பிரிட்டனின் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிற்போம். அங்கே 10(1)(சி) பிரிவு உணவாகவோ மருந்தாகவோ பயன்படக்கூடிய பொருட்களைப் பற்றி மட்டுமே பேசியது. சமையலறையில் நாலு பொடியைக் கலந்துவிட்டு ஏகபோகம் கேட்பவரைத் தடுப்பதே அதன் வேலை. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். ராஜகோபால ஐயங்கார் 1959இல் அளித்த அறிக்கையின் அடித்தளத்தில் எழுந்த 1970ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்திலோ உணவு, மருந்து என்ற வேலி இல்லை. 'பொருள்' என்றால் எந்தப் பொருளும். பசையும் உள்ளே வந்துவிட்டது. சூரணத்தை மனத்தில் வைத்துத் தைத்த சட்டையை மின்னணுப் பொருளுக்கு மாட்டும்போது எங்கே இடிக்கிறது என்பதை யாராவது நின்று பார்த்தாக வேண்டும்.

இடிக்கும் இடம் 'ஒன்றுசேர்தல்' என்ற சொல்தான். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றிலும் சிவப்பு இல்லை. மென்றால் வாய் சிவக்கிறது. கூறுகளில் இல்லாத பண்பு கலவையில் தோன்றினால் அது வெறும் சேர்க்கை அன்று என்பதில் யாருக்கும் ஐயம் வராது. பசையில் அப்படி ஏதும் சிவப்பதில்லை. பிசினும் வெப்பம் கடத்தும், பொடியும் கடத்தும், இரண்டும் சேர்ந்த கலவையும் கடத்தும். மாறுவது எண் மட்டுமே. அப்படியானால் எந்த எண்ணைத் தாண்டினால் 'வெறும் சேர்க்கை'யைத் தாண்டியதாகும்?

பொதுவாக இரண்டு ஒப்பீடுகள் முன்வைக்கப்படும். விண்ணப்பதாரர் கலவையை வெறும் பிசினோடு ஒப்பிடுவார்: 0.2 இருந்தது 2 ஆயிற்று, பத்து மடங்கு, இது கூட்டாற்றல் அல்லாமல் வேறென்ன என்பார். தேர்வாளர் எதிர்முனையிலிருந்து பார்க்கலாம்: நிரப்பியின் கடத்துதிறன் 30, கலவைக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, கூட்டினதைவிடக் குறைந்தே போயிற்று என்று. முதல் ஒப்பீட்டை ஏற்றால் பொடி போட்ட பிசின் எதுவும் தேறிவிடும். இரண்டாவதை ஏற்றால் எதுவுமே தேறாது. எல்லாவற்றையும் விடும் சல்லடையும் எதையும் விடாத சல்லடையும் சல்லடைகளே அல்ல.

இயற்பியலில் இதற்கு விடை பழையது. கன அளவில் 60 விழுக்காடு அலுமினா, 40 விழுக்காடு பிசின் என்று வைத்துக்கொள்வோம். அலுமினாவுக்கு 30, பிசினுக்கு 0.2. இரண்டையும் வெப்பம் பாயும் திசையிலேயே தூண்தூணாக நிறுத்தினால் எடையிட்ட சராசரி கிடைக்கும், அது 18.1. வெப்பத்துக்குக் குறுக்கே தட்டுத்தட்டாக அடுக்கினால் 0.5. இந்த இரண்டும் எல்லைகள். உருண்டைத் துகள்கள் பிசினுக்குள் ஒன்றையொன்று பாதிக்காமல் சிதறிக் கிடப்பதாகக் கொண்ட மாக்ஸ்வெலின் 1873ஆம் ஆண்டுக் கணக்கு 1.06 தருகிறது. துகள் நெருக்கத்தையும் கணக்கில் எடுக்கும் புருகமானின் 1935ஆம் ஆண்டுச் சமன்பாடு சுமார் 2.5 தருகிறது. பொருளும் அளவும் மாறவில்லை. 'கூட்டுத்தொகை' மட்டும் 0.5, 1.06, 2.5, 18.1 என்று நான்கு விதமாக நிற்கிறது. 3(ஈ) என்ற ஒற்றை எண்ணைக் குறிப்பிட்டு ஆட்சேபம் எழுதும்போது இவற்றில் எது மனத்தில் இருக்கிறது என்பது சொல்லப்படுவதில்லை.

என் வாதம் இதுதான்: வெப்பக் கலவைக்கு 3(ஈ) குறிக்கும் 'ஒன்றுசேர்தல்' என்பதைத் துறை வல்லுநர் அதே கூறுகளுக்கும் அதே கன விழுக்காட்டுக்கும் முன்கூட்டிக் கணக்கிடக்கூடிய எண்ணாகப் படிக்க வேண்டும். நிரப்பி அடர்த்தியாக உள்ள பசைக்குப் புருகமான் வளைவு நியாயமான அடிக்கோடு. அதற்குள் அடங்குவது கலவை. அதை விளக்கத்தோடு தாண்டுவது கண்டுபிடிப்பாக இருக்கக்கூடும்.

இந்த அடிக்கோட்டை வைத்துப் பார்த்தால் சில பழக்கமான வாதங்கள் தலைகீழாகின்றன. அலுமினாவை எடுத்துவிட்டு அலுமினியம் நைட்ரைடு போட்டிருக்கிறீர், அதன் கடத்துதிறன் ஆறு மடங்கு, ஆகவே பசை மேம்படும் என்பது யாருக்கும் தெரிந்ததே என்று ஆட்சேபம் வருவதாகக் கொள்வோம். 180 என்ற எண்ணைப் போட்டுக் கணக்கிட்டால் மாக்ஸ்வெல் 1.06இலிருந்து 1.09க்கும், புருகமான் 2.5இலிருந்து ஏறத்தாழ 3க்கும்தான் நகர்கின்றன. தடை பொடியில் இல்லை, பொடிகளுக்கு இடையே நிற்கும் பிசினில் இருக்கிறது. ஆக, நிரப்பியை மாற்றியதாலேயே பெரிய உயர்வு வரும் என்பது தெரிந்த ஒன்றன்று. பெரிய உயர்வு வந்திருந்தால் வேறெங்கோ ஏதோ நடந்திருக்கிறது. துகளின் மேற்பரப்பில் சிலேன் பூசியிருக்கலாம், பெரிய துகள்களின் இடுக்கில் சிறிய துகள்கள் போய் உட்கார்ந்து தொடர்பாதை அமைத்திருக்கலாம். அந்த 'ஏதோ'வை உரிமைக்கோரலில் எழுதியிருக்கிறாரா என்று கேட்பதே தேர்வாளரின் சரியான கேள்வி. அலுமினியம் நைட்ரைடு ஈரம் பட்டால் சிதைந்து அம்மோனியா விடும் பொருள். சென்னையின் ஐப்பசி ஈரத்தில் அதைப் பாதுகாப்பதேகூட ஒரு தொழில்நுட்பச் சிக்கல்தான்.

3(டி)க்கு வருவோம். அதன் விளக்கப் பகுதியில் 'துகள் அளவு' என்ற சொல் வெளிப்படையாகவே இருக்கிறது. செயல்திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லையென்றால் துகள் அளவு மாறிய பொருள் பழைய பொருளே. இந்தப் பிரிவின் புகழ்பெற்ற வழக்கு சென்னையிலேயே தொடங்கியது: 1998இல் இங்கே பதிவான நோவார்ட்டிஸின் கிளிவெக் மருந்து விண்ணப்பம், 2006 ஜனவரியில் இங்கேயே நிராகரிக்கப்பட்டது. பிரிவின் அரசியல் சட்டத் தகுதியை எதிர்த்த மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் தள்ளியது. தி. நகரை ஒட்டிய தேனாம்பேட்டையில், அண்ணா சாலைக் குணா வளாகத்தில் இயங்கிவந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2009இல் மறுத்தது. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று முடித்துவைத்தது. மருந்துக்குச் செயல்திறன் என்றால் நோய் தீர்க்கும் திறன். நன்றாகப் பாய்தல், வெப்ப இயக்கவியல் நிலைப்பு, ஈரம் குறைவாக ஈர்த்தல் ஆகியவை அதற்குள் வாரா என்றது அத்தீர்ப்பு. அதே தீர்ப்பு, செயல்திறனை அந்தந்தப் பொருளின் பயன்பாட்டையும் நோக்கத்தையும் வைத்தே அளக்க வேண்டும் என்றும் சொன்னது. முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டால் பசை தோற்கும். இரண்டாம் பாதியோடு படித்தால், மாத்திரைக்கு உதவாது என்று ஒதுக்கப்பட்ட அதே மூன்று பண்புகள்தாம் பசைக்கு உயிர்.

சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பரில் நோவோசைம்ஸ் வழக்கில் இந்தத் திசையில்தான் நடந்தது. கால்நடைத் தீவனத்துக்கான ஃபைட்டேஸ் நொதியின் வகைமாறிகள் அவ்வழக்கின் பொருள். 3(டி) மருந்துக்கு மட்டும் உரியதன்று என்று நீதிமன்றம் சொல்லிவிட்டு, அந்த நொதிக்கு மேம்பட்ட வெப்பத் தாங்குதிறனையே செயல்திறனின் அளவுகோலாக ஏற்றது. 3(ஈ)யைப் பொறுத்தவரை, கூறுகளில் ஒன்றே தன்னளவில் காப்புரிமைக்குத் தகுதி பெற்றால் அதைக் கொண்ட கலவை தடைபடாது என்றது. பசைக்காரருக்கு இந்த இரண்டாவது வாசல் பெரும்பாலும் மூடியே இருக்கும், ஏனென்றால் அவர் கூறுகள் எல்லாமே கடையில் கிடைப்பவை. ஆகவே அவர் முழுச் சுமையும் அடிக்கோட்டின்மீதே விழுகிறது.

இனி என் வாதத்துக்கே எதிரான ஒன்று. புருகமான் வளைவைத் தாண்டிய கடத்துதிறனே கண்டுபிடிப்பின் அடையாளம் என்றால், பசையைப் பசையாகப் பார்க்கத் தவறியவர்களாவோம். ஒரு சதுர செண்டிமீட்டர் சில்லிலிருந்து 10 வாட் வெளியேற வேண்டும், ஒட்டுப்படலத்தின் தடிமன் 0.1 மில்லிமீட்டர் என்று கொள்க. பசையின் கடத்துதிறன் 0.2 என்றால் படலத்தின் இருபுறமும் 50 டிகிரி வித்தியாசம், 1 என்றால் 10 டிகிரி, 2.5 என்றால் 4 டிகிரி. ஆனால் பொடி கூடக்கூடப் பசை கெட்டிப்படுகிறது, மெல்லப் பரவ மறுக்கிறது. 2.5 கடத்துதிறன் உள்ள பசை 0.25 மில்லிமீட்டருக்குக் கீழ் இறங்க மறுத்தால் வித்தியாசம் மறுபடியும் 10 டிகிரி. இவ்வளவு பொடியையும் போட்டு, 1 உள்ள பசை நின்ற இடத்துக்கே திரும்பியாயிற்று. ஆகவே கடத்துதிறன் அடிக்கோட்டுக்குள்ளேயே நின்றாலும், அந்தப் பொடி அளவில் பாகுநிலையை இறக்கி, ஒட்டுவலிமையைக் காத்து, படலத்தை மெல்லியதாக்கிய கலவை 3(ஈ)யைத் தாண்டியதாகவே கொள்ள வேண்டும். ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்கும் என்று வல்லுநர் எதிர்பார்க்கும் இரு பண்புகள் ஒருசேர நிற்பது, வெறும் ஒன்றுசேர்தலுக்கு நேர் எதிரானது. எனவே நான் முன்வைத்த அடிக்கோடு கடத்துதிறனுக்கு மட்டும் உரியதன்று. பாகுநிலைக்கும் வலிமைக்கும் அதேபோல் எதிர்பார்ப்பு வளைவு வேண்டும். இது தேர்வாளரின் வேலையைக் கூட்டுகிறது என்பதை மறுக்கவில்லை.

அளவீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், சுருக்கமாக. ஏ.எஸ்.டி.எம். டி5470 முறை பல தடிமன்களில் தடையை அளந்து, கோட்டின் சாய்விலிருந்து கடத்துதிறனையும் வெட்டுத்துண்டிலிருந்து தொடுதடையையும் பிரிக்கிறது. லேசர் துடிப்பு முறை வெப்பப் பரவலை அளக்கிறது. அடர்த்தியும் தன்வெப்பமும் தனியே பெற்றுப் பெருக்க வேண்டும். அறுகோணப் போரான் நைட்ரைடு தட்டையான துகள். அழுத்தி ஒட்டும்போது அப்பளம் அடுக்கியதுபோல் படுத்துக்கொள்ளும். பக்கவாட்டில் அளந்தால் பிரமாதமான எண், பசைக்குத் தேவையான குறுக்குத் திசையிலோ சுமாரான எண். எந்த முறை, எந்தத் திசை என்று சொல்லாத '3 வாட்டுக்குக் குறையாத' என்ற கோரலைத் தெளிவின்மைக்காக 10ஆம் பிரிவின் கீழ் மடக்குவதே முறை. அதைக் கொண்டுபோய் 3(ஈ)யில் கொட்டுவது சோம்பல்.

இதில் விண்ணப்பதாரரின் பங்கு பெரியது. ஒப்பீட்டு அட்டவணை, அதாவது ஒரே கன விழுக்காட்டில் பூசாத துகளும் பூசிய துகளும், ஒரே அளவுத் துகளும் ஈரளவுத் துகளும், ஒவ்வொன்றுக்கும் கடத்துதிறன், பாகுநிலை, ஒட்டுவலிமை, எல்லாம் தாக்கல் செய்யும் நாளிலேயே விவரக்குறிப்பில் இருக்க வேண்டும். 59ஆம் பிரிவு துறத்தல், திருத்தம், விளக்கம் என்ற வழிகளில் மட்டுமே மாற்றம் அனுமதிக்கிறது. முதலில் எழுதாத பொருளைப் பின்னால் நுழைக்க விடாது. தேர்வறிக்கைக்குப் பதில் தர ஆறு மாதம், கேட்டுப் பெற்றால் மேலும் மூன்று. அந்த அவகாசத்தில் ஆய்வுக்கூடம் திரும்பிப் போய்ச் செய்யும் சோதனை சான்றாக உதவலாம். விவரக்குறிப்பில் விதையே இல்லாத விளைவுக்கு அது வேராகாது.

தேர்வாளரின் அறிக்கையிலும் ஒரு வரி மாறினால் போதும். 'கூறுகள் தெரிந்தவை; கூட்டாற்றல் காட்டப்படவில்லை' என்பதற்குப் பதிலாக, 'உமது 60 விழுக்காட்டுக் கலவைக்கு எதிர்பார்க்கத்தக்க எண் 2.5, நீர் காட்டியிருப்பது 2.3, மிச்சப் பண்புகளுக்கு ஒப்பீடு இல்லை' என்று எழுதலாம். அப்போது விண்ணப்பதாரர் எதை மறுக்க வேண்டும் என்று தெரியும். வாரியம் 2021இல் கலைக்கப்பட்டபின் மேல்முறையீட்டைக் கேட்கும் உயர் நீதிமன்ற அறிவுசார் சொத்துப் பிரிவுக்கும், சொல்லை எடை போடுவதற்குப் பதில் எண்ணை எடை போட ஏதாவது கையில் இருக்கும்.