ஒரு வெள்ளியின் கதை



பரிசளிப்பு விழா மலர் என்றால் முன்பக்கங்களில் வாழ்த்துச் செய்திகள், பின்பக்கங்களில் கடைக்காரர்களின் விளம்பரங்கள். இரண்டுக்கும் நடுவே இந்தக் கட்டுரையைப் புரட்டிக்கொண்டிருக்கும் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன். இந்த மலரை அச்சடிக்கக் காசு எங்கிருந்து வந்தது? பாதி அந்த விளம்பரங்களிலிருந்து வந்தது. மீதி, கேன்டீன் தினத்தன்று உங்கள் வீட்டு அம்மா சுட்ட வடையிலிருந்து வந்தது! வடை விற்றுக் கல்வி வளர்ப்பது நேற்றுத் தொடங்கிய வழக்கமல்ல. அதன் வேரைக் கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம், வாருங்கள்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், படிக்கும் வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. வைத்தார்கள். ஆனால் எப்படி வைத்தார்கள்? பல தோட்டங்களில் அது ஒரு கொட்டகை. கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். சட்டம் பள்ளியைக் கொடுத்தது. பள்ளிக்கு உயிரைக் கொடுத்தவர்கள் லயத்து மக்கள். சாக்கட்டி முதல் சரஸ்வதி பூசைச் சுண்டல் வரை அவர்கள் கைக்காசுதான்.

இனிப் பெரிய கதைக்கு வருகிறேன்.

1949இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதில் இந்திய இயல் துறை ஒன்று அமைக்கலாம் என்ற பேச்சு வந்தபோது, அங்கே தமிழுக்கு முதலிடமா சமஸ்கிருதத்துக்கு முதலிடமா என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது. மலாயா இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் வேர்வையில் கித்தா மரம் வளர்ந்தது. பல்கலைக்கழகத்தில் அவர்கள் மொழிக்கு மட்டும் நாற்காலி கிடையாதா? கொதித்தெழுந்தவர் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி. திருவாரூரில் 1903இல் பிறந்து, 1924இல் சிங்கப்பூர் வந்து, 1935இல் முரசைத் தொடங்கியவர்.

அவர் வெறும் தலையங்கத்தோடு நிற்கவில்லை. துறை வந்தால் நூலகம் வேண்டும், நூலகத்துக்குப் புத்தகம் வேண்டும், புத்தகத்துக்குப் பணம் வேண்டும் அல்லவா? "தமிழ் எங்கள் உயிர்" என்று ஒரு நிதியைத் தொடங்கினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. அவ்வளவுதான்!

ஏன் ஒரு வெள்ளி? நாலு செட்டியார்களையும் பத்து முதலாளிகளையும் பார்த்து ஆயிரம் ஆயிரமாக வாங்கியிருக்கக்கூடாதா என்று சிலர் கேட்கலாம். வாங்கியிருக்கலாம். அப்போது அது அந்தப் பதினாலு பேருடைய நூலகமாகியிருக்கும். ஒரு வெள்ளி என்றதால் மரம் வெட்டுகிறவரும் கொடுக்கலாம், துறைமுகத் தொழிலாளியும் கொடுக்கலாம். சுலபமாகக் கொடுத்தார்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அன்றைய தோட்டக்கூலி ஒரு நாளைக்குச் சில வெள்ளிகளே. மழை பெய்தால் அதுவும் இல்லை.

எங்கள் தாத்தா அந்த ஒரு வெள்ளியைக் கொடுத்தவர்களில் ஒருவர். கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுத்தான். "ஏன் தாத்தா, உங்களுக்குத்தான் படிக்கத் தெரியாதே, எதுக்குக் கொடுத்தீங்க?" என்று நான் ஒரு முறை கேட்டேன். "அட போடா! கோயில்ல தேர் செஞ்சா நானா ஏறி உட்காரப் போறேன்? இழுக்கத்தானே போறேன்" என்றார். பாட்டி உள்ளேயிருந்து, "அந்த மாசம் கருவாடு வாங்கல, அதையும் சொல்லுங்க" என்று குரல் கொடுத்தாள்.

அதே காலத்தில் சீனர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1953இல் தான் லார்க் சை நன்யாங் பல்கலைக்கழகத்துக்கு அடிகோலினார். அவர் ஐம்பது லட்சம் வெள்ளி கொடுத்த கோடீஸ்வரர். ஆனாலும் 1954இல் திரிசா ஓட்டிகள் ஒரு நாள் சம்பாத்தியத்தை அப்படியே கொண்டுவந்து கொடுத்ததைத்தான் இன்றும் சிங்கப்பூரில் பேசுகிறார்கள். ஏழையின் காசுக்கு அப்படி ஒரு ஓசை!

நம் பக்கம் என்ன விளைந்தது? 1956இல் இந்திய இயல் துறை பிறந்தது. தமிழ் அதில் இடம் பெற்றது. 1959இல் துறை கோலாலம்பூருக்கு மாறியது. 1961இல் தனிநாயக அடிகளார் வந்து தலைமை ஏற்றார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு வேறெங்கும் அல்ல, கோலாலம்பூரில் கூடியது. ஒரு வெள்ளியால் மட்டுமே இத்தனையும் நடந்தது என்று நான் அளக்கவில்லை. ஆனால் அந்த வெள்ளி இல்லாமல் இந்தக் கதையை எழுத முடியாது.

அதே 1950களில் முரசு பிள்ளைகளுக்காக "மாணவர் மணிமன்றம்" என்ற பகுதியை நடத்தியது. அதில் எழுதிப் பழகியவர்கள் ஊருக்கு ஊர் மன்றம் அமைத்தார்கள். நாடகம், பேச்சுப்போட்டி எல்லாம் நடத்தினார்கள். இன்று இடைநிலைப்பள்ளிகளில் தமிழ்மொழிக் கழகம் வைத்து, முறுக்கு விற்று விழா நடத்துகிற நம் பிள்ளைகள், தெரிந்தோ தெரியாமலோ அந்த வழியில்தான் நடக்கிறார்கள். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால்தான் அங்கே தமிழ் வகுப்பு. அந்தப் பதினைந்தாவது கையெழுத்துக்காக வீடு வீடாக அலைந்தவர்களைக் கேளுங்கள், ஒரு வெள்ளி வசூலே சுலபம் என்பார்கள்!

சரி, நல்லதை மட்டும் எழுதினால் வரலாறு ஆகாது. என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1976இல் நான் ஐந்தாம் ஆண்டு. விளையாட்டு விழாவுக்கு வள்ளுவர் இல்லம், கம்பர் இல்லம் என்று பிரித்து, ஆளுக்கு ஒரு வசூல் அட்டை கொடுத்தார்கள். இருபது கட்டம், கட்டத்துக்குப் பத்துக் காசு. எந்த இல்லம் அதிகம் சேர்க்கிறதோ அதற்குக் கோப்பை. மழைக்காலம். பால்வெட்டு இல்லை, லயத்தில் யாரிடம் கேட்பது? என் அட்டையில் நாலு கட்டம் நிரம்பியது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு ஒன்றுகூட இல்லை. சபைகூடலில் குறைவாகக் கொண்டுவந்தவர்களை முன்னால் நிறுத்தினார்கள். "இல்லத்துக்கே கெட்ட பேரு" என்று சொந்த இல்லத்துப் பிள்ளைகளே முணுமுணுத்தார்கள். அவன் மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அவன் அப்பாவோடு ஒட்டுப்பால் பொறுக்கப் போய்விட்டான்.

அந்தக் கோப்பையை எந்த இல்லம் வாங்கியது என்பது எனக்கு மறந்துவிட்டது. அவன் முகம் மறக்கவில்லை.

சாரங்கபாணி கேட்டதும் வசூல்தான், எங்களிடம் கேட்டதும் வசூல்தான். அவர் எல்லாரையும் ஒரே அளவில் நிறுத்தினார். அந்த அட்டை எங்களை வரிசை பிரித்தது. ஆசிரியர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்பதும் உண்மை. கூரை ஒழுகியது, பணம் தேவைப்பட்டது.

கேன்டீன் தினம் இந்த வகையில் மேலானது என்பது என் எண்ணம். அதில் கொடுப்பதற்கு வழி பல. காசு உள்ளவர் கூப்பன் வாங்குகிறார். காசு இல்லாதவர் விறகு கொண்டுவருகிறார், வெங்காயம் உரிக்கிறார், மேசை தூக்குகிறார். காலை மூன்று மணிக்கே எழுந்து மாவாட்டி, பெரட்டுக்குப் போய்த் திரும்பிய கையோடு சட்டி வைத்த தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். கூப்பனை முன்கூட்டியே விற்றுவிடுவதால் மழை வந்தாலும் நட்டமில்லை. மிஞ்சிய கூப்பனை வீணாக்க மனமில்லாமல் கடைசி மணியில் பிள்ளைகள் ஐஸ் தண்ணீரை வயிறு முட்டக் குடிப்பதும் உண்டு. அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை!

இவ்வாண்டுப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றிக் காரசாரமாகவே பேசினோம். குடும்பத்துக்கு இருபது வெள்ளிக் கூப்பன் கட்டாயம் என்று ஒரு தரப்பு. முடியாதவர்கள் என்ன செய்வது என்று மறுதரப்பு. நான் எழுந்து தாத்தாவின் ஒரு வெள்ளியைச் சொன்னேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பொருளாளர், "அப்ப ஒரு வெள்ளிக் கூப்பனா அடிப்போம், எத்தனை வேணுமோ வாங்கிக்கட்டும். யார் எத்தனை வாங்குனாங்கன்னு பலகையில எழுத வேணாம்" என்றார். எல்லாரும் கை தூக்கினார்கள்.

கூப்பன் அச்சாகி வந்துவிட்டது. உளுந்து ஊறப்போடத்தான் இன்னும் நாலு பேர் குறைகிறார்களாம். வருகிறவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் சொந்தப் பானையோடு வரவும்.