கயிற்றின் பெயரில் ஒரு பாட்டு: மாலுமிப் பாடல்களும் வகைப்படுத்தலின் அரசியலும்



இந்த நினைவுப் பேருரைக்கு என்னை அழைத்த மன்றத்துக்கு நன்றி. இன்று நாம் நினைவுகூரும் தோழர், எந்த நாட்டுப்புறப் பாடல் தொகுப்பைக் கையில் எடுத்தாலும் முதலில் பொருளடக்கத்தைத்தான் புரட்டுவார். பாட்டை எந்தத் தலைப்பின் கீழ் வைத்திருக்கிறார்கள், பாடியவர் பெயர் இருக்கிறதா என்று தேடுவார். அதன் பிறகே பாட்டைப் படிப்பார். இன்றைய உரை அவருடைய அந்தப் பழக்கத்திலிருந்து பிறந்தது.

2021 தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் தபால் ஊழியர் ஒருவர் பாடிய திமிங்கில வேட்டைப் பாட்டு ஒன்று கைபேசிகள் வழியே உலகம் முழுக்கப் பரவியது. உங்களில் பலரும் கேட்டிருப்பீர்கள். உடனே ஒரு சர்ச்சை எழுந்தது: அது ‘ஷாண்டி’தானா? ஷாண்டி என்றால் கப்பலில் வேலை செய்யும்போது பாடுவது, இதுவோ ஓய்வில் பாடும் கதைப்பாட்டு என்று விவரம் தெரிந்தவர்கள் திருத்தினார்கள். திருத்தம் சரிதான். ஆனால் பாட்டுக்குள் இருந்த திமிங்கிலத் தொழிலாளிக்குக் கூலி எப்படிக் கிடைத்தது, பணமாகவா, சரக்காகவா என்று அந்தச் சர்ச்சையில் கேட்டவர்கள் மிகக் குறைவு. எந்தப் பெட்டியில் போடுவது என்பதே பெரிய கேள்வியாக இருந்தது.

முதலில் அந்தப் பெட்டிகளைப் பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டின் பாய்மர வணிகக் கப்பல்களில் ஆட்கள் குறைவு, எடை அதிகம். பத்துப் பேரின் பலம் ஒரே நொடியில் ஒரே கயிற்றில் விழ வேண்டும். அந்த நொடியைக் குறிப்பதுதான் பாட்டின் வேலை. ‘ஷாண்டிமேன்’ ஒரு அடியைத் தனியாகப் பாடுவார். மற்றவர்கள் அந்த நேரத்தில் மூச்சு வாங்கிக்கொள்வார்கள். மறு அடியைச் சேர்ந்து பாடும்போது இழுப்பார்கள்.

வேலைக்கு ஏற்ப பாட்டின் உடல் மாறும். பாயைத் தாங்கும் குறுக்குமரத்தை மேலே ஏற்றும் கயிறு ஹாலியார்ட். நெடுநேரம் இழுக்க வேண்டிய அதற்கு, சேர்ந்து பாடும் ஒவ்வொரு அடியிலும் இரண்டு இழுப்பு. பாயின் மூலையை இறுக்கும் கயிற்றுக்குச் சில இழுப்புகள் போதும். அங்கே அடியின் கடைசிச் சொல்லில் ஒரே வெட்டு இழுப்பு. நங்கூரம் தூக்கும் கேப்ஸ்டன் ஒரு செங்குத்து உருளை. அதில் கம்புகளைச் செருகிச் சுற்றிச் சுற்றி நடந்து தள்ள வேண்டும். நடை நிற்காது என்பதால் பாட்டும் நீளும், கதையும் வரும். மரக்கப்பலுக்குள் கசியும் நீரை இறைக்கும் பம்புக்கும் அப்படியே. வேலை முடிந்து உட்கார்ந்து பாடியவை தனி வகை. பிரிட்டிஷ் கடற்படைப் போர்க்கப்பல்களில் ஷாண்டிக்கு இடமில்லை. அங்கே ஆட்கள் ஏராளம். கட்டளையும் விசிலும் போதுமாக இருந்தன.

ரிச்சர்ட் டெர்ரி 1921இல் வெளியிட்ட தொகுப்பும், கப்பல் தலைவர் ஒருவரின் மகளான ஜோனா கோல்கார்ட் 1924இல் வெளியிட்ட தொகுப்பும் ஏறத்தாழ இந்த வரிசையில்தான் பாடல்களை அடுக்கின. இந்த வகைப்பாடு தவறு என்று நான் சொல்ல வரவில்லை. இது நூலகத்தில் பிறந்ததல்ல. எந்தக் கயிற்றுக்கு எந்தப் பாட்டு என்பது மாலுமிகளின் தொழிலறிவு. உழைக்கும் உடலைக் காதால் கேட்கக் கற்றுத்தருகிறது இது. சிக்கல், இதையே முழு வகைப்பாடாக எடுத்துக்கொள்ளும்போது வருகிறது. கயிறு தெரிகிறது. கயிற்றைப் பிடித்த கை யாருடையது என்பது தெரிவதில்லை.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மொபில் என்ற துறைமுகம் இருக்கிறது. அடிமைகள் விளைவித்த பருத்தி அங்கிருந்து லிவர்பூலுக்கும் பிற துறைமுகங்களுக்கும் போனது. கப்பலின் அடித்தளத்தில் பருத்திப் பொதிகளைப் பெரிய திருகு ஜாக்கிகளால் நெருக்கி அடுக்குவார்கள். ஒரு பொதிகூட நுழையாது என்று தோன்றும் இடத்தில் மேலும் பல பொதிகளைத் திணிப்பதுதான் அந்த வேலை. அதையும் பாடிக்கொண்டே செய்தார்கள். சார்லஸ் நார்ட்ஹாஃப் 1855இல் வெளியான தம் நூலில் மொபிலின் பருத்தி அடுக்கும் குழுக்களை விவரிக்கிறார். குழுத்தலைவரே பாட்டைத் தொடங்குபவர். அவருக்கு அங்கே வழங்கிய பெயர்தான் ‘ஷாண்டிமேன்’. அச்சில் அந்தச் சொல் இடம்பெற்ற ஆரம்பகாலச் சான்றுகளில் இது ஒன்று. இங்கே பாயும் இல்லை, நங்கூரமும் இல்லை, இருப்பது பருத்தி.

கவனமாகவும் பேச வேண்டும். நார்ட்ஹாஃப் விவரித்த குழுக்களில் இருந்தவர்கள் குளிர்காலக் கூலிக்குக் கரையிறங்கிய வெள்ளை மாலுமிகள். அதே வேலையைக் கறுப்பினத் தொழிலாளர்கள் பாடியபடி செய்ததை வேறு பயணிகள் எழுதியிருக்கிறார்கள். ஐரிஷ் பாட்டும், கரீபியத் தீவுகளின் துடுப்புப் பாட்டும், கறுப்பரைக் கேலி செய்ய முகத்தில் கரி பூசி ஆடிய வெள்ளையரின் மேடைப்பாட்டும் அந்தத் துறைமுகங்களில் கலந்தன. ஆகவே எல்லா ஷாண்டியும் கறுப்பருடையது என்று நான் சொல்லவில்லை. ஒருவர் பாட, பலர் ஏற்றுப் பாடும் அந்த வேலைமுறையைக் கப்பலுக்குக் கொடுத்தவர்களில் கறுப்பினத் தொழிலாளர்கள் முதன்மையானவர்கள் என்கிறேன். மெக்சிகோ வளைகுடாத் துறைமுகங்களை ஷாண்டிகளின் சந்தை என்றே ஸ்டான் ஹ்யூகில் குறிப்பிட்டார். ஒரே பாட்டு பருத்திக்கும் கேப்ஸ்டனுக்கும் பயன்பட்டிருக்கிறது. வேலைவாரியான பெட்டிகள் ஒழுகுகின்றன. ஒழுகும் தடத்தைப் பிடித்துப் போனால் தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் போய்ச் சேர்கிறோம்.

அட்டையிலும் ஒரு வகைப்பாடு இருக்கிறது. செசில் ஷார்ப் 1914இல் வெளியிட்ட தொகுப்பில் பெரும்பகுதி சாமர்செட்டின் வாச்செட் ஊரைச் சேர்ந்த ஜான் ஷார்ட் என்ற முதிய மாலுமி பாடிக்கொடுத்தவை. அவர் பெயரைப் பதிவு செய்தது ஷார்ப்பின் நேர்மை. ஆனால் நூலின் தலைப்பில் ‘ஆங்கில நாட்டார்’ என்ற அடைமொழி ஏறிவிட்டது. பல துறைமுகங்களில் பலர் கைமாற்றிய பாட்டு ஒரு தேசத்தின் சொத்தாகிவிட்டது.

ஹ்யூகில் 1961இல் வெளியிட்ட பெருந்தொகுப்பு வேறுவிதம். அவரே மாலுமி, 1929இல் கேப் வெர்டே அருகே உடைந்த கார்த்பூல் என்ற பாய்மரக் கப்பலில் இருந்தவர். கரீபியக் கறுப்பின மாலுமிகளிடம் கற்றதை மறைக்காமல் எழுதினார். பார்படோஸ் தீவின் ஹார்டிங் அவருடைய முக்கிய ஆசான்களில் ஒருவர். ஆனால் அந்த ஆசானின் பெயர் ‘பார்படோஸ் காட்டுமிராண்டி’ என்ற பொருள்படும் பட்டத்தோடுதான் நூலில் வருகிறது. ஆங்கிலத்தில் அது எதுகையோடு விழும் கப்பல் கிண்டல். பாட்டைக் கொடுத்தவருக்கு நன்றியும் உண்டு, பட்டமும் உண்டு. பட்டப்பெயரில் கூப்பிடப்பட்டே வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, பாடியவர்கள் பக்கமிருந்து வகைப்படுத்தினால் எப்படியிருக்கும்? மூன்று தலைப்புகளைச் சொல்கிறேன்.

முதலாவது, கடன். கப்பலில் சேரும் மாலுமிக்கு ஒரு மாதக் கூலி முன்பணம். அதைத் தங்கும் விடுதிக்காரர் பாக்கிக்கு எடுத்துக்கொள்வார். ஆகவே கடலில் முதல் மாதம் கூலியில்லாத உழைப்பு. அதைச் ‘செத்த குதிரைக்கு உழைப்பது’ என்றார்கள். மாதம் முடிந்ததும் துணியும் வைக்கோலும் கொண்டு ஒரு குதிரை செய்து, பாட்டோடு மேலே ஏற்றிக் கடலில் போடுவார்கள். தொகுப்புகளில் இது சடங்குப் பாட்டு, அல்லது ஹாலியார்ட் பாட்டு. செங்கல் சூளை முன்பணத்தை அறிந்த நமக்கு இது கடன் தீர்ந்த பாட்டு. மாலுமிகளுக்கு முன்பணம் கொடுப்பதைக் கட்டுப்படுத்த அமெரிக்காவில் 1884இல் சட்டம் வந்தது. 1915இன் மாலுமிகள் சட்டம் வரை போராட்டம் நீண்டது. நம் நாட்டில் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. முன்பணம் இன்னும் போகவில்லை.

இரண்டாவது, சிறை. டென்மார்க் வீசியின் அடிமை எழுச்சித் திட்டம் வெளிப்பட்ட 1822இல் தென் கரோலினா ஒரு சட்டம் போட்டது. சுதந்திரமான கறுப்பின மாலுமி வந்தாலும், கப்பல் துறைமுகத்தில் நிற்கும்வரை அவரைச் சிறையில் வைக்க வேண்டும். சிறைச் செலவைக் கப்பல் தலைவர் கட்டாவிட்டால் அவரை அடிமையாக விற்கவும் அதில் வழி இருந்தது. பின்னர் அலபாமா உள்ளிட்ட பிற தென்மாநிலங்களும் இத்தகைய சட்டங்களைப் போட்டன. மொபில் இருந்தது அந்த அலபாமாவில்தான். பாட்டு கரையேறலாம், பாடுகிறவர் கரையேறக் கூடாது.

மூன்றாவது, சங்கம். நியூ ஆர்லியன்ஸில் பருத்தி அடுக்கும் வெள்ளைத் தொழிலாளர்கள் 1850இல் சங்கம் கட்டினார்கள். பின்னர் கறுப்பினத் தொழிலாளர்களும் தனிச் சங்கம் கண்டார்கள். இரு தரப்பும் மோதியதுண்டு. ஒரு குழு ஒரு நாளில் எத்தனை பொதி அடுக்க வேண்டும் என்ற தகராறில் 1907இல் இரு நிறத்தவரும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்ததும் உண்டு. வேகத்தை யார் தீர்மானிப்பது என்பதே கேள்வி. பாட்டின் தாளத்துக்குள்ளும் அதே கேள்வி இருந்தது.

பிரடரிக் டக்ளஸை இங்கே நினைக்காமல் முடியாது. பால்டிமோர் கப்பல் கட்டும் தளத்தில் உழைத்த அவர், 1838இல் மாலுமி உடையணிந்து, இரவல் வாங்கிய மாலுமிச் சான்றிதழோடு அடிமைத்தளையிலிருந்து தப்பினார். அடிமைகள் பாடுவதை அவர்களுடைய மனநிறைவுக்குச் சான்றாக எடுத்துக்கொண்டவர்களைக் கண்டு அவர் திகைத்ததை 1845இல் வெளியான தன்வரலாற்றில் பதிவு செய்தார். துயரம் மிகுந்தபோதே அதிகம் பாடினார்கள் என்பது அவர் சாட்சியம்.

இந்த உறவு நமக்குப் புதிதல்ல. ஜோதிராவ் புலே 1873இல் ‘குலாம்கிரி’யை அடிமை ஒழிப்புக்குப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1946இல் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அந்த வழியில்தான் மொபிலிலிருந்து நம் சேரிக்கு வருகிறேன்.

முதுகலை சமூகவியல் படித்த நாட்களில் நூலகத்தில் ஒரு தொகுப்பைப் புரட்டியபோது, என் பாட்டி பாடும் பாட்டு ஒன்றைச் சிறு மாற்றங்களோடு கண்டேன். தலைப்பு: நடவுப் பாட்டு. வயல் யாருடையது, கூலி எத்தனை படி நெல், வரப்பில் நின்றவர் யார், நாற்று முடி தாமதமானால் என்ன ஏச்சு விழும் என்ற எதுவும் அங்கே இல்லை. என் பாட்டிக்கு அது வயல்காரர் வரப்பில் இருக்கும்போது ஒரு பாட்டு, போன பிறகு வேறு பாட்டு. அவள் வகைப்பாடு அது. நடவு, ஏற்றம், கரைவலை இழுக்கும் அம்பா என்று நம் தொகுப்புகளும் தொழிலின் பெயரால்தான் அடுக்குகின்றன. சாதி அங்கே தொழிலுக்குள் ஒளிந்துகொள்கிறது.

ஆகவே பாட்டுச் சேகரிக்கப் போகும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொழிலின் பெயரை எழுதுங்கள், தாளத்தையும் எழுதுங்கள். அதோடு நில்லாமல், பாடியவர் விரும்பும் பெயரை, அவர் விரும்பும் விதத்தில் எழுதுங்கள். யாரிடம் கற்றார் என்று கேளுங்கள். கூலியையும் கடனையும் கேளுங்கள். யார் முன்னால் இதைப் பாட முடியாது என்று கேளுங்கள். கடைசியாக, இந்தப் பாட்டை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள் என்று அவரையே கேளுங்கள். அவர் சொல்லும் சொல்லைப் பொருளடக்கத்தில் போடுங்கள்.

நம் தோழர் பொருளடக்கத்தில் தேடியது அதைத்தான்.

ஜெய்பீம்.