தோட்டத்துக் கோழியும் நகரத்துக் கூட்டுக் கூடும்

பேராக் தமிழரின் வரலாற்றை எழுதுவோர் ரப்பரைப் பற்றி எழுதுவர்; கோயிலையும் தமிழ்ப்பள்ளியையும் பற்றி எழுதுவர். லயத்து வீட்டின் பின்புறம் மேய்ந்த கோழியைப் பற்றி எழுதுவோர் அரியர். ஈப்போவில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிப் பகுதியில், பல குடும்பங்கள் சேர்ந்து ஒரு கோழிக்கூடு அமைக்கலாமா என்ற பேச்சு இப்போது எழுந்துள்ளது. ஆதலால் அக்கோழியின் வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது பயன் தரும் என எண்ணுகிறேன்.

1877-இல் ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நடச் செய்தார். பின்னர்த் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து தொழிலாளர் வந்து குவிந்தனர். ரப்பர் விலை சரிந்தபோதெல்லாம் கூலியும் சரிந்தது. 1930-களின் தொடக்கத்தில் வந்த பொருளாதார மந்தத்தின்போது பல்லாயிரவர் கப்பலேற்றித் தாயகம் அனுப்பப்பட்டனர். எஞ்சியோருக்குக் கொல்லைக் காய்கறியும் கோழியும் பேருதவியாயின. என் பெற்றோரும் பால்மரம் வெட்டியவர்களே. எங்கள் வீட்டில் கோழி என்பது உண்டியல். பள்ளிச் செலவு வந்தால் ஒன்று விற்கப்படும். தீபாவளி வந்தால் ஒன்று குழம்பாகும்.

ஆனால் அந்த உண்டியல் இருந்த மண் நம்முடையதன்று. லயமும் கொல்லையும் தோட்ட நிருவாகத்தின் உடைமை. 1948 ஜூன் மாதம் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர் சுட்டுக் கொல்லப்பட, அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1950-இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்கீழ், சிதறிக் கிடந்த தோட்டக் குடியிருப்புகளும் ஓரிடத்தில் தொகுக்கப்பட்டு வேலியிடப்பட்டன. தொடர்ந்து தோட்டத் துண்டாடல் வந்தது. தோட்டம் கைமாறினால் வேலையும் வீடும் கொல்லையும் ஒருங்கே போயின.

இதற்கு மாற்று தேடியவர் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன். 1960-இல் அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தைக் கொண்டு தோட்டங்களை வாங்கியது. தனியொருவரால் வாங்க இயலாத மண்ணைப் பலர் கூடி வாங்கலாம் என்பதே அது கற்பித்த பாடம்.

இன்று நம்மவரில் பலர் நகரத்தில் வாழ்கின்றனர். கோழியும் முட்டையும் கடைப்பொருள்களாகிவிட்டன. 2022-இல் உள்நாட்டுத் தட்டுப்பாட்டால் அரசு ஜூன் 1 முதல் கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. 2025 ஆகஸ்டு 1 முதல் முட்டைக்கான உதவித்தொகையும் நின்றது. கூட்டுக் கூடு பற்றிய எண்ணம் எழுந்ததில் வியப்பில்லை.

கணக்கும் கடினமானதன்று. ஒரு கோழிக்குக் கூட்டினுள் 4 சதுர அடி, வெளியே உலாவ 10 சதுர அடி என்பது பொதுவான அளவு. 20 கோழிகளுக்கு 280 சதுர அடி போதும். முட்டைக்குச் சேவல் தேவையில்லை; ஆகவே விடியற்காலைக் கூவலால் அண்டை வீட்டாருக்குத் தொல்லையுமில்லை. மூசாங், மலைப்பாம்பு நுழையாதபடி நெருக்கமான கம்பிவலை வேண்டும். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி வேண்டும். 2006-இல் பறவைக் காய்ச்சல் பேராக்கையும் தொட்டது என்பதை மறத்தல் ஆகாது. கோழிகள் திடீரென மடிந்தால் உடனே கால்நடைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

யார் எந்நாளில் தீனியிடுவது, யார் கழுவுவது, முட்டையை எவ்வாறு பங்கிடுவது என்பனவற்றை எழுதி வைத்துக்கொள்ளல் நன்று. எனினும் அவற்றுக்கெல்லாம் முந்தியது ஒன்றுண்டு. அந்த 280 சதுர அடி யாருடையது? நில உரிமையாளரின் இசைவும் ஊராட்சி மன்றத்தின் அனுமதியும் எழுத்தில் இருக்கின்றனவா? லயத்துக் கொல்லையில் நம் முன்னோரிடம் உழைப்பு இருந்தது, கோழி இருந்தது, கையெழுத்திட்ட தாள் மட்டும் இல்லை. அதனாலேயே ஒரே அறிவிப்பில் அனைத்தும் போயின. ஆகவே கம்பிவலை வாங்குமுன் அத்தாளைப் பெறுவோம்.