பாதுஷாவின் முன் வைக்கப்பட்ட படங்கள்

கண்காட்சிக்கு வரும் ஓவியங்களைத் தேர்ந்தெடுக்க இன்று நடுவர் குழு அமர்கிறது. முகலாயர் காலத்தில் பொதுக் கண்காட்சி இல்லை; தேர்வு இருந்தது. உருவம் வரைவது பற்றிய மார்க்கச் சட்டம் உலமாக்கள் விரிவாகப் பேசியுள்ள தனிப் பொருள். ஈண்டு நாம் நோக்குவது வரலாற்றை மட்டுமே.

அக்பர் பாதுஷாவின் (ஆட்சி 1556–1605) ஓவியச் சாலையில் தீட்டப்பட்ட படங்களைத் தாரோகாக்களும் எழுத்தர்களும் வாரந்தோறும் அவர் முன் கொண்டுவந்து வைப்பர் என்று அபுல் ஃபஸ்ல் ‘ஆயினே அக்பரி’யில் எழுதுகிறார். வேலையின் சிறப்பைப் பொறுத்து வெகுமதி கிடைக்கும், அல்லது மாதச் சம்பளம் உயரும். ஒரே மனிதரின் பார்வையை நம்பியே அத்தனை பேரின் பிழைப்பும் நின்றது.

அப்பார்வை குலம் பார்க்கவில்லை என்பதற்குத் தஸ்வந்த் சான்று. பல்லக்குத் தூக்கியின் மகனாகப் பிறந்து, கண்ட சுவர்களிலெல்லாம் உருவம் வரைந்துகொண்டிருந்தவர் அவர். பாதுஷா அவரைக் கண்டெடுத்து, ஈரானிலிருந்து வந்த உஸ்தாது குவாஜா அப்துஸ் ஸமதிடம் ஒப்படைத்தார். சில காலத்தில் தஸ்வந்த் எல்லோரையும் விஞ்சினார். பின்னர் சித்தம் கலங்கி, 1584இல் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்.

ஆயினும், பின்னணி அமைப்பிலும் வண்ணப் பங்கீட்டிலும் முகச் சாயல் தீட்டுவதிலும் வல்லவரான பஸாவனையே தஸ்வந்தினும் மேலாக மதித்தோர் பலர் இருந்தனர் என்று அதே அபுல் ஃபஸ்ல் குறிக்கிறார். அரசரைப் புகழவே எழுதுகோல் எடுத்தவர், இக்கருத்து வேற்றுமையைக் காரணத்தோடு பதிந்துவைத்தார். காரணம் கூறாமலே படங்களைத் திருப்பியனுப்பும் நடுவர்கள் இதனைக் கவனிக்கலாம்.

வேறொரு சிக்கலும் இருந்தது. ஒரே படத்தில் கோட்டு வரைவு ஒருவருடையது, வண்ணம் மற்றொருவருடையது, சிலவேளை முகம் மூன்றாமவருடையது. வெகுமதி யாருக்கு? எழுத்தர்கள் படத்தின் ஓரத்தில் வரைவுக்குத் ‘தர்ஹ்’ என்றும், தீட்டியதற்கு ‘அமல்’ என்றும் குறித்து, உரியவர் பெயரையும் எழுதினர். மகாபாரதத்தின் பாரசீக மொழிபெயர்ப்பான ‘ரஸ்ம்நாமா’வின் பல படங்களில் தஸ்வந்தின் வரைவு இன்றும் இனங்காணப்படுவது இக்குறிப்புகளாலேயே.

ஜஹாங்கீருக்கு இக்குறிப்பும் வேண்டியிருக்கவில்லையாம்! ஒரு முகத்தில் கண்ணையும் புருவத்தையும் மட்டும் வேறொருவர் தீட்டியிருந்தாலும் தமக்குத் தெரிந்துவிடும் என்று தம் நினைவுக் குறிப்புகளில் அவர் எழுதினார். பெருமை சற்று மிகைதான். ஆனால் 1616இல் ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோ கொணர்ந்த சிற்றோவியத்தைத் தம் ஓவியரைக் கொண்டு ஐந்து பிரதிகள் எடுப்பித்து, ஆறையும் ஒன்றாக வைத்து, மெழுகுவர்த்தி ஒளியில் மூலத்தைக் காட்டுமாறு கேட்டார். ரோ தம் படத்தைக் கண்டுபிடித்துவிட்டார். எனினும் அவ்வொளியில் அது எளிதாயில்லை என்று தாமே எழுதிவைத்தார்.