தரவு வகையின் அடையாளமும் அதிகாரமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரே வரைவிலக்கணத்திலிருந்து பிறந்த இரண்டு தரவு வகைகளைக் கணினி வெவ்வேறானவை எனக் கொண்டு, ஒன்றின் இடத்தில் மற்றதை ஏற்க மறுப்பது மென்பொருளாக்கத்தில் நெடுங்காலமாக அறியப்பட்ட முரண்பாடாகும். இதனை நிரலாளரின் கவனக்குறைவால் நேரும் தவறெனக் கருதுவோர் உளர். வரலாற்று அடிப்படையில் நோக்குமிடத்து, 'இவை இரண்டும் ஒன்றே' என உறுதிப்படுத்தும் உரிமை யாருக்கு உரியது என்ற வினாவே இதன் அடியில் இருப்பது புலனாகும்.

இச்சிக்கலின் தோற்றுவாய், நிரலெழுதும் உழைப்பின் ஒரு பகுதி இயந்திரத்திடம் ஒப்படைக்கப்பட்டமையில் உளது. சீரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ற்றோ ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த அன்ட்ரூ பிரெல், புரூஸ் நெல்சன் ஆகியோர் 1984இல் வெளியிட்ட கட்டுரை, ஒரு கணினியிலுள்ள செயற்கூறினை மற்றொரு கணினியிலிருந்து அழைக்கும் முறையை விளக்கியது. மேசா மொழியில் எழுதப்பட்ட இடைமுக விவரணத்தைப் படித்து, தொடர்புக்கு வேண்டிய இடைநிலை நிரலை லூபைன் என்னும் கருவி தானாகவே ஆக்கியது. சலிப்பூட்டும் வேலையிலிருந்து நிரலாளர் விடுபட்டனர். ஆயின், விவரணம் ஒன்றாயிருக்க அதனைப் பயன்படுத்தும் செயற்றிட்டம் ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிப்பிரதி ஆக்கிக்கொள்ளும் வாய்ப்பும் இவ்வகை உற்பத்தியுடன் கூடவே வந்தது.

அவ்வாய்ப்பு முரண்பாடாக முற்றியமைக்கு மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் வரலாறு தக்க சான்றாகும். 1993இல் அந்நிறுவனம் வெளியிட்ட 'கொம்' முறையில் இடைமுகமொன்றின் அடையாளம் 128 பிட் நீளமான ஓர் எண்ணாகும். அத்தகைய எண்ணை எவரும் எவரிடமும் அனுமதி பெறாது ஆக்கிக்கொள்ளலாம். 2002இல் வெளிவந்த 'டொட் நெட்' முறையோ வேறொரு கொள்கையைக் கைக்கொண்டது. அதில் தரவு வகை எந்த 'அசெம்பிளி' என்னும் நிரற்பொதியில் உள்ளதோ, அப்பொதியின் அடையாளமும் வகையின் அடையாளத்துள் அடங்கும்.

இவ்விரு மரபுகளும் சந்தித்த இடத்திலேயே மோதல் எழுந்தது. கொம் விவரணங்களிலிருந்து டொட் நெட் வகைகளை ஆக்குதற்கு ஒரு கருவி வழங்கப்பட்டது. இரு செயற்றிட்டங்கள் அக்கருவியைத் தனித்தனியே இயக்கி, எக்செல் மென்பொருளின் வகைகளை ஆக்கிக்கொண்டன எனக் கொள்வோம். முதலாவது அனுப்பும் 'ரேஞ்' என்னும் பொருளை இரண்டாவது ஏற்காது. பெயரும் உறுப்புகளும் ஒன்றாயினும், பொதிகள் வேறாதலின் வகைகளும் வேறாயின.

இதற்கு முதலில் முன்வைக்கப்பட்ட தீர்வு அதிகாரம் சார்ந்தது. மூல விவரணத்தை வெளியிட்டவரே ஒரு முதன்மைப் பொதியை ஆக்கிக் கையொப்பமிட வேண்டும். ஏனையோர் அதனையே பயன்படுத்த வேண்டும் என விதிக்கப்பட்டது. இதனால் ஒருமை கிட்டியது உண்மையே. ஆனால் வெளியீட்டாளர் அத்தகைய பொதியை ஆக்காதவிடத்துப் பிறர் ஆக்குவது எதுவும் அதிகாரபூர்வமற்றதாகவே நின்றது. மேலும், ஒரு சில வகைகளையே பயன்படுத்துவோரும் முழுப்பொதியையும் தம் பயனாளரின் கணினிகளில் நிறுவவேண்டியிருந்தது. ஒருமையின் விலையைக் கீழ்நிலையிலிருந்தோரே செலுத்தினர் எனலாம்.

2010இல் வெளிவந்த டொட் நெட் 4 இந்நிலையை மாற்றியது. தேவைப்படும் வகைகளை மட்டும் ஒவ்வொரு செயற்றிட்டமும் தன்னுள் பதித்துக்கொள்ளலாம். அடையாள எண் முதலியன ஒத்திருப்பின் இயங்குநேரத்தில் அவை சமமானவையாகக் கொள்ளப்படும். பிரதிகளை ஒழிப்பதற்குப் பதிலாகப் பிரதிகளிடையே சமத்துவத்தை ஏற்பதே இங்குத் தீர்வாயிற்று. எனினும் இச்சமத்துவம் எல்லையற்றதன்று. இடைமுகங்கள், கட்டமைப்புகள், எண்ணிடப்பட்ட பட்டியல்கள், செயற்கூறுகளைச் சுட்டும் வகைகள் ஆகியவற்றுக்கே அது பொருந்தும். செயற்பாட்டைத் தன்னுள் கொண்ட வகுப்புகளுக்குப் பொருந்தாது. வெளித்தோற்றத்தின் உடன்பாட்டை மட்டுங்கொண்டு உள்ளியக்கத்தின் ஒற்றுமைக்கு உத்தரவாதமளித்தல் இயலாதென்பதை நோக்கின், இவ்வெல்லையின் நியாயம் விளங்கும்.

இவ்விரு தீர்வுகளும் இன்றும் நம்முன் உள்ளன. ஆக்கப்பட்ட நிரலை ஓரிடத்தில் வைத்து யாவரும் பகிர்வதாயின், அதனைப் பேணும் பொறுப்பாளர் வேண்டும்; ஒவ்வொருவரும் தாமே ஆக்கிக்கொள்வதாயின், சமத்துவத்தை நிருணயிக்கும் பொதுவிதி வேண்டும். எதனைத் தெரிந்தாலும் அத்தெரிவு தொழினுட்பத்துடன் முடிவதில்லை. பொறுப்பாளர் யார், விதியை வகுப்போர் யார் என்னும் வினாக்களுக்கு விடையளிப்பது இயந்திரமன்று. அதனைப் பயன்படுத்தும் மனிதர் தமக்குள் அமைத்துக்கொள்ளும் உறவுகளேயாம்.